காகிதப் பூக்கள்: ஜவ்வாது மலைக் குடும்பங்களுக்கு ஏற்ற ஓர் உபதொழில்

மானாவாரிப் பயிர் செய்யும் குடியானவனுக்கு வருஷம் முழுவதும் வேலை இருப்பதில்லை என்பது யாவரும் அறிந்த விஷயமே. மழையை எதிர்பார்த்து உழுது, விதைத்து, களையெடுத்து, அறுத்துக் களம் சேர்த்த பின்னர், மறு மழை வரும் வரையில் குடும்பத்தாரின் கைகள் ஓய்ந்திருக்க நேரிடுகிறது. கை ஓய்ந்திருக்கும் மாதங்களில்தான் கடன் வளருகிறது. இக்குறையை நீக்கும்பொருட்டு ஆடு, கோழி, தேனீ முதலியவற்றை வளர்ப்பது போன்ற உபதொழில்கள் விவசாயிகளுக்கு நெடுங்காலமாகச் சிபாரிசு செய்யப்பட்டு வருகின்றன. வீட்டில் கழிக்கப்படும் காகிதத்தைக் கொண்டு அலங்காரப் பூக்கள் செய்வதும் அவ்வரிசையில் சேர்க்கத் தக்கதே. முதல் மிகக் குறைவு. வேண்டிய சரக்கில் பெரும்பகுதி வீட்டிலும் தோப்பிலும் கிடைப்பது. பெண்களும் முதியோரும் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே செய்யக்கூடியது.

மலையின் நிலைமை

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய ஜில்லாக்களில் அது பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அதன் முக்கிய ஊர். மலையாளிகள் எனப்படும் பழங்குடி மக்களே அங்குப் பெரும்பாலோர். சாமையே அவர்களுடைய முக்கியமான மானாவாரிப் பயிர். ஆனி, ஆடி மாதங்களில் விதைத்து, மழை ஓய்ந்தபின் அறுவடை செய்வது வழக்கம். மாசி, பங்குனியில் புளி உலுக்கும் வேலை உண்டு. தேன், கடுக்காய் முதலிய வனப்பொருள்களும் சிறிது வருமானம் தருகின்றன. இவை நீங்கலாக உள்ள மாதங்களில் உள்ளூரில் கூலி கிடைப்பது அரிது. ஆகவே ஆண்மக்கள் மலையைவிட்டு வெளியூர்களுக்கு வேலை தேடிச் செல்கின்றனர்.

இவ்வாறு செல்வதில் உள்ள அபாயத்தை 2015ஆம் வருஷம் ஏப்ரல் 7ஆம் தேதி நடந்த சம்பவம் யாவருக்கும் உணர்த்தியது. ஆந்திர தேசத்துச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட 20 பேர் அன்று போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி ஜில்லாக்களைச் சேர்ந்த கூலியாட்கள். தரகர்கள் முன்பணம் கொடுத்து ஏழைகளை அழைத்துச் செல்வதும், பிடிபடும்போது கூலியாட்களே சிறைக்குச் செல்வதும், தரகர்கள் தப்பிவிடுவதும் அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டன. முன்பணத்தை மறுத்துச் சொல்லும் தைரியம் வீட்டில் நாலு காசு இருந்தால்தான் வரும். சிறு உபதொழில் ஒன்று குடும்பத்தைச் செல்வமாக்கிவிடாது. ஆயினும் அரிசி, உப்பு, பள்ளிச் செலவு ஆகியவற்றுக்கு அது உதவுமானால், தரகன் வாசலுக்கு வரும் நாளில் அதன் பயன் தெரியும்.

பிற தேசங்களிலும் நம் நாட்டிலும்

காகிதப் பூ புதிய பொருளன்று. போர்த்துகல் தேசத்துக் காம்போ மாயோர் என்னும் ஊரில், வீதிதோறும் மக்களே காகிதப் பூக்கள் செய்து ஊர் முழுவதும் அலங்கரிக்கும் விழா உண்டு. 2021ஆம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் அவ்விழாவைத் தனது மரபுப் பட்டியலில் சேர்த்தது. இலங்கையில் வெசாக் பண்டிகைக்கு மூங்கிற் சட்டத்தில் காகிதம் ஒட்டிய விளக்குக் கூடுகளை வீடுதோறும் கட்டுகின்றனர். நம் தஞ்சாவூரில் நெட்டியைச் சீவி மாலையும் உருவங்களும் செய்யும் தொழில் பேர்போனது. வீணாகும் பொருளிலிருந்து கைத்தொழில் எழுப்பிய உதாரணமும் அருகிலேயே உண்டு. கர்நாடகத்து மலை மகாதேசுவர மலையில் சோலிகர் என்னும் பழங்குடியினர், காட்டைக் கெடுக்கும் உண்ணிச் செடியின் தண்டிலிருந்து நாற்காலியும் கூடையும் முடைந்து விற்கின்றனர்.

1934ஆம் வருஷத்தில் மகாத்மா காந்தி வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தை ஏற்படுத்தி, ஸ்ரீ ஜே. சி. குமரப்பாவை அதன் காரியதரிசியாக நியமித்தபோது, அச்சங்கம் கவனித்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. கழிவுக் காகிதத்தையும் கந்தலையும் ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, சல்லடையில் அள்ளி உலர்த்துவதே அம்முறை. அதற்கு வேண்டிய உரலும் உலக்கையும் எல்லா வீடுகளிலும் இருந்தவை.

சேகரிக்க வேண்டிய பொருள்கள்

எழுதித் தீர்ந்த பள்ளி நோட்டுப் புத்தகங்கள், பழைய தினசரிகள், சாமான் கட்டிவந்த காகிதப் பைகள், முட்டை அடுக்கிவரும் காகிதத் தட்டுகள் ஆகியவை முதற் சரக்கு. இவற்றை ஒரேவிதமாக உபயோகிக்கலாகாது. நோட்டுப் புத்தகத் தாள் வெளுப்பாகவும் உறுதியாகவும் இருப்பதால் இதழ்களுக்கு ஏற்றது. தினசரித் தாள் வெயிலில் சீக்கிரம் பழுத்து நொறுங்குமாதலால், அதைப் பூவின் உள்மொக்குக்கும், கருஞ்சாயம் ஏற்றிய இலைகளுக்கும், கூழ் அரைப்பதற்கும் ஒதுக்க வேண்டும். முட்டைத் தட்டின் குழிகளைத் தனித்தனியே வெட்டி, விளிம்பை ஐந்து பிளவாக நறுக்கினால் மணிப்பூப் போன்ற வடிவம் தானே அமையும். மக்காச்சோளம் பயிரிடுவோர் கதிரின் உள்மடல்களை எறிந்துவிடாமல் நிழலில் உலர்த்தி வைத்தால், வெந்நீரில் நனைத்து மிருதுவாக்கி இதழாக வெட்டலாம்.

காம்புக்கு இரும்புக் கம்பி வாங்க வேண்டுவதில்லை. மெல்லிய மூங்கிற் சிம்பும் தென்னை ஈர்க்கும் போதும். ஆனால் காப்புக்காட்டில் மூங்கிலாயினும் உண்ணிச் செடியாயினும் வெட்டுமுன் வன இலாகாவினரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

பசை

கடைப் பசையைவிடப் புளியங்கொட்டைப் பசை இவ்வேலைக்கு ஏற்றது. தஞ்சாவூர்ச் சித்திரம் தீட்டுவோரும், கொண்டபள்ளிப் பொம்மை செய்வோரும் இதனையே உபயோகித்து வந்துள்ளனர். கொட்டையைப் பக்குவமாக வறுத்து, இடித்து, மேல்தோலை நீக்கி, பருப்பை ஓர் இரவு நீரில் ஊறவைத்து மைய அரைக்க வேண்டும். அரைத்த விழுதுக்கு ஏறக்குறையப் பத்து மடங்கு தண்ணீர் விட்டு, அடிபிடியாமல் துழாவிக்கொண்டே காய்ச்சினால் வழுவழுப்பான பசை கிடைக்கும். அவ்வப்போது இரண்டொரு நாளுக்கு வேண்டிய அளவே காய்ச்சுவது நலம், மிஞ்சியது புளித்துவிடும். பூச்சி அரியாதிருக்கச் சிலர் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சாகையால் குழந்தைகளும் கால்நடைகளும் உள்ள வீடுகளில் அதனைத் தவிர்த்தலே உத்தமம்.

சாயம்

மஞ்சளுக்கு வேறு சாயம் தேடவேண்டுவதில்லை. மஞ்சள் தூளைக் கொதிக்கவைத்து வடித்த நீரில் தாளை ஒருமுறை தோய்த்து எடுத்தால் நல்ல நிறம் ஏறும். மஞ்சள் ஏறிய தாளின்மீது தெளிந்த சுண்ணாம்பு நீரைத் தடவினால் குங்குமச் சிவப்பு உண்டாகும். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளிறுவது இயல்பு. ஆகையால் இப்பூக்களை நிழலிலும் வீட்டிற்குள்ளும் தொங்கவிடும்படி வாங்குவோருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

கறுப்புக்கும் சாம்பல் நிறத்துக்கும் ஜவ்வாது மலைக் கடுக்காயே போதும். பழைய ஆணி, இரும்புத் துண்டு முதலியவற்றை வெல்லம் கரைத்த நீரில் இரண்டு மூன்று வாரம் ஊறவைத்தால் இரும்புச் சாறு இறங்கும். கடுக்காய்க் கஷாயத்தில் தோய்த்து உலர்த்திய தாளின்மேல் இச்சாற்றைத் தடவினால், கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் கலந்து கறுப்பாக மாறும். கலங்காரிச் சேலைகளில் கறுப்புக் கோடு எழுதுவது இம்முறையில்தான்.

செய்முறை

சாதாரண ரோஜா ஒன்று செய்வதைக் கீழே காணலாம்.

முதலாவது, சாயமேற்றி நிழலில் உலர்த்திய தாளைச் சிறிது பெரிது என்று மூன்று அளவில் இதழ்களாக வெட்டிக்கொள்ள வேண்டும். சிறியதில் 3, நடுத்தரத்தில் 4, பெரியதில் 5 ஆக ஒரு பூவுக்கு 12 இதழ்கள் ஆகும். பல தாள்களை அடுக்கி ஒரே தடவையில் வெட்டினால் நேரம் மீதமாகும்.

இரண்டாவது, ஈர்க்கின் நுனியில் தினசரித் தாளைச் சுருட்டிப் பசை தடவி, சுண்டைக்காய் அளவில் மொக்கு ஒன்று அமைக்க வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வோர் இதழின் விளிம்பையும் ஈர்க்கின்மேல் உருட்டி வெளிப்புறம் சுருளச் செய்து, நடுவைப் பெருவிரலால் அழுத்திக் குழியாக்க வேண்டும். பூவுக்கு உயிர் கொடுப்பது இந்த ஒரு வேலையே. இதில் அவசரம் கூடாது.

நான்காவது, சிறிய இதழ் தொடங்கி, ஓர் இதழின் பாதியை மற்றொன்று மூடும்படி மொக்கைச் சுற்றி ஒட்டி, நூலால் இறுகக் கட்டி, அடியில் பச்சைத் தாள் சுற்றி முடிக்க வேண்டும்.

மழைக்கால ஈரத்தில் காகிதம் துவண்டுவிடும். இதற்கு மலைத் தேனடையின் மெழுகே பரிகாரம். தேன்மெழுகு சுமார் 63 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகும். அதை நேரே அடுப்பில் வைத்தால் தீப்பற்றும். வெந்நீர்ப் பாத்திரத்தினுள் மற்றொரு பாத்திரத்தை வைத்து உருக்கி, இதழின் விளிம்பை மாத்திரம் நனைத்து எடுக்க வேண்டும். மெழுகு தோய்ந்த காகிதம் எளிதில் எரியுமாகையால், விளக்குக்கும் கற்பூரத்துக்கும் அருகில் இப்பூக்களைக் கட்டலாகாது.

பிளாஸ்டிக் அலங்காரமும் கால்நடையும்

திருவிழா முடிந்த மறுநாள் ஊர்ப் பொதுவிடங்களைப் பார்த்தால், பிளாஸ்டிக் தோரணமும் தெர்மோகோல் துண்டும் சிதறிக் கிடப்பதைக் காணலாம். அவற்றை மேயும் மாட்டின் வயிற்றில் அவை செரியாமல் தங்கிப் பெரிய உண்டையாகி உயிருக்கே இடையூறாகின்றன. மழையில் அடித்துச் செல்லப்படுபவை, இம்மலையில் உற்பத்தியாகிப் பாலாற்றில் கலக்கும் செய்யாறு போன்ற ஆறுகளின் வழியே கீழ்நாட்டு ஏரிகளுக்கும் வந்து சேருகின்றன. தமிழ்நாட்டு சர்க்கார் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்தது. மத்திய சர்க்கார் 2022 ஜூலை 1 முதல் விதித்த தடையில், அலங்காரத்துக்கான தெர்மோகோலும் அடங்கும். ஆகவே அவ்விடத்தைக் காகிதம் நிரப்ப வழி திறந்திருக்கிறது. மெழுகும் காகிதமும் மண்ணில் மக்கிவிடும்.

சமவெளியில் மல்லிகையும் சாமந்தியும் பயிரிடும் விவசாயிகள் இத்தொழில் தங்களுக்குப் போட்டியாகுமோ என்று அஞ்சலாம். அவ்வச்சம் வேண்டாம். பூஜைக்கும் கூந்தலுக்கும் காகிதப் பூ ஏற்றதன்று. அவற்றுக்கு என்றும் நறுமலரே வேண்டும். பந்தல், மேடை, பள்ளி விழா, கடை முகப்பு ஆகியவற்றில் மாதக்கணக்காகத் தொங்கும் பிளாஸ்டிக் பூவுக்குத்தான் இது மாற்று.

விற்பனையும் கணக்கும்

தொழில் தொடங்குமுன் கணக்குப் பார்த்தல் அவசியம். ஒரு பெண் மணிக்கு 8 பூ செய்வதாக வைத்துக்கொண்டால், நாளைக்கு 4 மணி நேர வேலையில் 32 பூ ஆகும். அவற்றை விற்று வரும் தொகையில் நூல், மெழுகு, வண்டிக் கூலி ஆகியவற்றைக் கழித்து, மிகுந்ததை உள்ளூர் நாட்கூலியின் பாதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் குறைந்தால், விலையை உயர்த்தவேனும் கைவேகத்தைக் கூட்டவேனும் வேண்டும். விலைபோகாத பூவைக் குவித்து வைப்பது சாமையை மழையில் நனையவிடுவதற்கு ஒப்பாகும். முன்கூட்டி ஆர்டர் பெற்ற அளவுக்கே செய்வது புத்திசாலித்தனம்.

தனி ஒருத்தி சந்தைக்குச் செல்வதைவிட, சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து விற்றல் லாபகரமானது. இத்தகைய குழுக்கள் தமிழ்நாட்டில் 1989ஆம் வருஷத்தில் தருமபுரி ஜில்லாவில் தொடங்கி மற்ற ஜில்லாக்களுக்கும் பரவியவை. குழுக்களின் சரக்கை விற்பதற்கென ஜில்லாத் தலைநகரங்களில் பூமாலை வணிக வளாகங்கள் ஏற்படுத்தப்பட்டன. மலைக்கு வரும் யாத்திரிகர்களும், காவலூர் வானாராய்ச்சி நிலையத்தைக் காண வருவோரும் வாங்கக்கூடியவர்கள். கலியாண மண்டபக்காரர்களிடம் முகூர்த்த மாதங்களுக்கு முன்பே மாதிரி காட்டி வருவது நல்லது.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யத்தக்கவை

பள்ளி ஆண்டிறுதியில் கழியும் நோட்டுப் புத்தகங்களையும், நூலகத்தில் தேங்கும் தினசரிகளையும் குழுக்களுக்குக் கிடைக்கும்படி செய்தல் முதற் கடமை. ஆனால் சர்க்கார் ரிக்கார்டுகளையோ, ஜனங்களின் பட்டா, ஆதார் முதலியவற்றின் நகல்களையோ இவ்வேலைக்குக் கொடுத்துவிடலாகாது. அவற்றை அழிப்பதற்கு விதிகள் உண்டு. பஞ்சாயத்து நடத்தும் விழாக்களுக்குப் பிளாஸ்டிக் தோரணம் வாங்குவதை நிறுத்தி, அத்தொகைக்கு உள்ளூர்க் காகிதத் தோரணம் வாங்குவதென்று தீர்மானித்தால், புதுத்தொழிலுக்கு முதல் வாடிக்கைக்காரர் கிடைத்தவராவர். கொடுக்கவேண்டிய பணத்தைக் காலதாமதமின்றிக் கொடுப்பதும் முக்கியம்.

நிலமுள்ள விவசாயிகளும் தம் வீட்டுப் பெண்டிர் இதனைச் செய்வதைக் குறைவாக எண்ணலாகாது. புளியங்கொட்டையும், கடுக்காயும், தேன்மெழுகும் மலையில் விளையும் பொருள்களே. மலிவாக விற்றுவிடும் அச்சரக்கைத் தம் வீட்டிலேயே பண்டமாக்குவது விவசாயத்தோடு ஒட்டிய தொழிலே ஆகும். அறுவடை முடிந்த இவ்வருஷத்து ஓய்வு மாதங்களில், ஊருக்கு ஒரு குழுவேனும் நூறு பூக்கள் செய்து பார்த்து, விற்று, கணக்கெழுதி, அக்கணக்கைக் கண்டபின் தொழிலை விரிப்பதா விடுப்பதா என்று முடிவு செய்யுமாக. நஷ்டம் நேர்ந்தாலும் போவது பழங் காகிதம் மட்டுமே. நிலைக்குமானால், வேலை தேடி மலையிறங்கும் ஆண்மக்களில் சிலரேனும் சொந்த ஊரில் தங்குவர்.