பத்துக்குப் பத்து அறையில் ஆறடி இடைவெளி

'வீட்டிலேயே இருங்கள்' என்று 2020 மார்ச்சில் நாடே கேட்டுக்கொள்ளப்பட்டது. மும்பையின் தாராவியில் அதைக் கடைப்பிடிக்க வீட்டில் இடமில்லை. ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டரில் எட்டு லட்சம் பேருக்கு மேல்; பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுக்கும் குடும்பங்கள் ஏராளம். கதவைச் சாத்திக்கொண்டாலும் விடிந்ததும் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றே ஆகவேண்டும். ஐந்தில் நான்கு பேருக்கு வேறு வழி கிடையாது.

ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் கொரோனா தொற்று உறுதியானது. நோயாளி அன்றே இறந்தார்.

தாராவி அடங்கிய ஜி வடக்கு வார்டின் உதவி ஆணையர் கிரண் திகாவ்கரும் மாநகராட்சிக் குழுவும் உபதேசத்தைவிட ஏற்பாடுகளை நம்பினார்கள். சுமார் 450 பொதுக் கழிப்பறைகளில் நாள்தோறும் பலமுறை கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. பள்ளிகளும் கல்யாண மண்டபங்களும் தனிமை முகாம்களாயின. அங்கே சாப்பாடும் உண்டு, டாக்டரும் உண்டு. அடைக்கப்பட்ட சந்துகளுக்குள் அரிசி பருப்பு போனது. வீடு வீடாகக் காய்ச்சல் பார்க்க, அந்தத் தெருக்களிலேயே கிளினிக் நடத்திவந்த தனியார் டாக்டர்கள் வந்தார்கள். தெரிந்த டாக்டர் கேட்டால் இருமலை யாரும் மறைப்பதில்லை.

மும்பைக்கு இதற்கு நேர்மாறான அனுபவமும் உண்டு. 1896-இல் நகரின் மாண்ட்விப் பகுதியில் பிளேக் தலைகாட்டியபோது, நோயாளிகளை வலுக்கட்டாயமாகத் தூக்கிச்சென்றார்கள், வீடுகளைச் சோதனையிட்டார்கள். விளைவு? அந்த அக்டோபரிலேயே மில் தொழிலாளர்கள் ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினார்கள். மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்தார்கள், லட்சக்கணக்கில் ஊரைவிட்டே ஓடினார்கள், கிருமியையும் கூடவே கொண்டுபோனார்கள். அந்தப் பீதியின் பின்விளைவாக 1898-இல் பிறந்த பம்பாய் மேம்பாட்டு டிரஸ்ட், நெரிசலைக் குறைக்க வடக்கே புதுக் குடியிருப்புகளை வகுத்தது. இன்று நம்மவர்கள் ஃபில்டர் காபிக்குத் தேடிப்போகும் மாதுங்காவின் அகலத் தெருக்கள் அப்படி வந்தவை.

2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். பாராட்டு நியாயமானதே. ஆனால் ஒழுக்கமாக நடந்ததால் மட்டுமே கிருமி அடங்கியது என்று எழுதினால் அது அறிவியலாகாது.

அதே மாதம் நிதி ஆயோக், மாநகராட்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை நடத்தின. மாதுங்கா அடங்கிய எஃப் வடக்கும் செம்பூர் அடங்கிய எம் மேற்கும் அவற்றில் இரண்டு. ரத்தத்தில் எதிரணுக்கள் இருந்தால் கிருமி ஏற்கெனவே வந்துபோனது என்று பொருள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேரிடம் எதிரணுக்கள் இருந்தன. மற்ற இடங்களில் 16 சதவீதம் பேரிடம்தான். நெரிசலும், பொதுக் கழிப்பறை, குடிநீர்க் குழாய் போன்ற பகிர்வுகளும் காரணமாக இருக்கலாம் என்றது ஆய்வு. தாராவி அந்தக் கணக்கில் இல்லை. இருந்தாலும் அங்கே நிலைமை வெகுவாக மாறுபட்டிருக்கும் என்று நம்ப இடமில்லை. செம்பூர் அடுக்ககவாசி குடிசைவாசியைவிடக் கட்டுப்பாடானவர் என்று இதற்கு அர்த்தமில்லை. அவருக்குத் தனிக் கழிப்பறை இருந்தது.

2020 டிசம்பர் 25 அன்று தாராவியில் முதன்முறையாகப் புதுத் தொற்று ஒன்றுகூட இல்லை. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை ஒரே நாளில் 99 பேரைப் பிடித்தது; முந்தைய ஆண்டின் எந்த நாளையும்விட இது அதிகம். ஜூன் நடுவில் எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்துக்கு இறங்கியது.