பெற்றோலும் ஓயிலும்: அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு?



மருந்தடிக்கிற மிஸ்ட் ப்ளோவர், புல்லு வெட்டுற மெஷின், மரம் அறுக்கிற செயின் சோ, சில தோட்டங்களில் கவ்வாத்து மெஷின், கொழுந்து வெட்டும் மெஷின் என்று மலையில் எஞ்சின் சத்தம் கேட்காத நாள் குறைவு. இவற்றில் பல டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஓடுபவை. பெற்றோலோடு கொஞ்சம் ஓயில் ஊத்தணும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கணக்கு. ஒருத்தர் மூடியால் அளக்கிறார். இன்னொருத்தர் நிறத்தைப் பார்த்தே "சரியாத்தான் இருக்கு" என்கிறார். மெஷின் இறுகிப் போனால் பழி விழுவதோ கடைசியாக அதைத் தோளில் சுமந்தவர் மேல்.

முதலில் ஏன் ஓயில் என்பதைப் பார்ப்போம். லொறி எஞ்சினில் கீழே ஓயில் தேங்கி நிற்கும். அதுவே சுற்றி வந்து இரும்பும் இரும்பும் தேயாமல் காக்கும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படித் தேங்கும் இடமே கிடையாது. பெற்றோல் காற்றோடு கலந்து முதலில் எஞ்சினின் அடிப்பெட்டிக்குள் போய், அங்கிருந்துதான் மேலே சிலிண்டருக்குப் போகிறது. போகிற வழியில் பெயாரிங்கிலும் பிஸ்டனிலும் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஓயில் படைதான் காவல். வெறும் பெற்றோலை ஊத்தி ஓட்டினால் பிஸ்டன் சூடேறி, உராய்ந்து, சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அதற்கு நாள்கணக்கு வேண்டாம், சிறிது நேரமே போதும்.

ஓயில் கூடினாலும் நல்லதில்லை. "கொஞ்சம் கூட ஊத்தினா மெஷினுக்குப் பலம்" என்று சிலர் நினைக்கிறார்கள். பலம் இல்லை, புகைதான். பிளக்கில் கரி பிடிக்கும், சைலன்சர் அடைபடும், கயிற்றை இழுத்து இழுத்துக் கைதான் வலிக்கும். அந்தப் புகை முழுக்க முதுகில் மெஷினைச் சுமப்பவரின் மூச்சுக்குள் போகிறது. 2008ஆம் ஆண்டில் டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்களை நாட்டுக்குள் இறக்குவதை அரசாங்கம் நிறுத்தியதும் இந்தப் புகையால்தான்.

இனி அளவு. மெஷினோடு வந்த புத்தகத்தில் 25:1 அல்லது 50:1 என்று இருக்கும். சில மெஷினில் டாங்கி மூடியிலேயே அடித்திருப்பார்கள். 25:1 என்றால் 25 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு ஓயில். அதாவது 1 லீற்றருக்கு 40 மில்லிலீற்றர், 5 லீற்றர் கேனுக்கு 200. 50:1 என்றால் அதில் சரிபாதி: 1 லீற்றருக்கு 20, 5 லீற்றருக்கு 100. 750 மில்லிலீற்றர் போத்தலால் அளப்பவர்களுக்கு, 25:1க்கு ஒரு போத்தலுக்கு 30, 50:1க்கு 15. ஓயிலை அளக்க மருந்துக்கடையில் வாங்கும் ஊசியில்லாத சிரிஞ்சே போதும். குடிமருந்துக்குப் பாவித்ததை இதற்கு எடுக்க வேண்டாம், இதற்கு எடுத்ததை மறுபடி மருந்துக்கும் பாவிக்க வேண்டாம்.

ஒரே டிவிஷனில் இரண்டு விதமான மெஷின் இருந்தால் இரண்டு கேன் வேண்டும். 25:1 கேட்கும் மெஷினுக்கு 50:1 கலவை போனால் பாதி ஓயில்தான் போகிறது. கேனில் அளவையும் கலந்த திகதியையும் எழுதி ஒட்டுங்கள். ஸ்டோரில் கலந்து எழுத்தில்லாத போத்தலில் கொடுத்தால் "எத்தனைக்கு எத்தனை?" என்று கேளுங்கள். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல.

ஓயிலிலும் வித்தியாசம் உண்டு. லொறிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஊத்தும் ஃபோர் ஸ்ட்ரோக் ஓயில் இதற்கு ஆகாது; அது சரியாக எரியாமல் கரியாகும். தகரத்தில் டூ ஸ்ட்ரோக் அல்லது டூ டி என்று இருக்க வேண்டும். கடல் படகு எஞ்சின் ஓயிலும் வேண்டாம். அது தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கானது, நம்முடையது காற்றால் குளிர்வது. புது மெஷின்களில் சில ஃபோர் ஸ்ட்ரோக்காகவும் வருகின்றன. எஞ்சினுக்கே ஓயில் ஊத்தத் தனி மூடி இருந்தால் (செயின் சோவின் செயின் ஓயில் மூடி அல்ல) அது அந்த வகை. அதன் டாங்கிக்கு வெறும் பெற்றோல் மட்டும்.

கலப்பதை மெஷின் டாங்கிக்குள் செய்யக்கூடாது. சுத்தமான கேனில் பாதிப் பெற்றோலை ஊத்தி, ஓயில் முழுவதையும் விட்டு, மூடிக் குலுக்கி, பிறகு மீதிப் பெற்றோலை ஊத்தி மறுபடி குலுக்குங்கள். டாங்கிக்கு ஊத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு குலுக்கு. வலை வைத்த புனலால் ஊத்தினால் தூசு போகாது. மழை நாளில் மூடி திறந்து கிடந்தால் தண்ணீர் இறங்கிவிடும். கலவையை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துப் பாவிக்காதீர்கள்.

சரியாக இருக்கிறதா என்று பிளக்கே சொல்லும். கழற்றிப் பார்த்தால் மண்ணிறமாக இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் ஓயில் கூடியிருக்கலாம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். வெளுத்திருந்தால் மெஷின் அதிகம் சூடாகிறது; ஓட்டாமல் காட்ட வேண்டியவரிடம் காட்டுங்கள்.

கேனை லயத்துக்குக் கொண்டுவராதீர்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு தவழ்ந்து அடுப்படிக்குப் போய்ப் பற்றிக்கொண்டு திரும்பி வரும். ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசை முழுக்கப் போகும். மலையிலும் எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, பீடி சுருட்டு இல்லாமல் ஊத்துங்கள். ஊத்திய இடத்திலிருந்து மூன்று மீற்றராவது தள்ளிப் போய் ஸ்டார்ட் பண்ணுங்கள்.

சோடாப் போத்தலில் கலவையை வைப்பதுதான் எங்களுக்குப் பெரிய பயம். ஓயிலின் நிறத்தால் அது குடிக்கிற சாமான் போலவே இருக்கும். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே வரும்போது நுரையீரலுக்குள் போவதுதான் உயிருக்கு ஆபத்து. இருமல் இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துப் போய் டொக்டரிடம் காட்டுங்கள்.