உணவங்காடி நிலையம் பற்றிக் கேட்டால் என்ன பேசுவது?

வாய்மொழித் தேர்வின் உரையாடல் பகுதியில், வெளியில் சாப்பிடுவது பற்றிக் கேள்வி வந்தால் பல மாணவர்கள் சொல்லும் பதில் இதுதான்: "சிங்கப்பூர்ல பல இன மக்கள் ஒற்றுமையாச் சாப்பிடுறாங்க." தவறில்லை. ஆனால், "எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?" என்று தேர்வாளர் அடுத்துக் கேட்டால் என்ன செய்வீர்கள்? கையில் சான்று வேண்டும். அது உங்கள் வீட்டருகே உள்ள உணவங்காடி நிலையத்திலேயே இருக்கிறது.

வரலாறு: 1968, 1969ஆம் ஆண்டுகளில் தெருவோர வியாபாரிகள் ஏறத்தாழ 18,000 பேரை அரசாங்கம் பதிவுசெய்தது. பிறகு 1971 முதல் 1986 வரை, தண்ணீர், கழிவுநீர் வசதியுடன் நிலையங்கள் கட்டி அவர்களை இடம் மாற்றியது. இன்று 110க்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ நம் உணவங்காடிக் கலாசாரத்தை மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது.

மொழி: 'கோப்பி ஓ கொசோங்' என்று கேட்கிறோமே, அதில் 'கோப்பி', 'கொசோங்' மலாய்ச் சொற்கள். 'ஓ' என்பது ஹொக்கியென் மொழியில் கறுப்பு. ஒரு குவளைக் காப்பிக்குள் இரண்டு மொழிகள்! இந்திய முஸ்லிம் கடையின் 'மீ கோரெங்'கும் அப்படித்தான். மீ சீனருடையது, கோரெங், அதாவது பொரிப்பது, மலாய்ச் சொல், சமைப்பவரோ நம்மவர்.

மேசை: தட்டுகளைத் திருப்பி வைக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு, மற்றவற்றுக்குத் தனி அடுக்கு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர், ஹலால் உணவு மட்டும் சாப்பிடுபவர், சைவம் மட்டும் சாப்பிடுபவர் என மூவரும் தத்தம் கடையில் வாங்கி வந்து ஒரே மேசையில் உட்காரலாம். எல்லாரும் ஒரே உணவைச் சாப்பிடுவதல்ல ஒற்றுமை. யாரும் தம் வழக்கத்தை விட்டுக்கொடுக்காமல் சேர்ந்து உட்கார முடிவதுதான் ஒற்றுமை. இதைச் சொல்லும் மாணவரின் பதில் தனித்து நிற்கும்.

கருத்து: 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, உணவங்காடி நிலையங்களில் தட்டுகளைத் திருப்பி வைக்காதவர்கள்மீது நடவடிக்கை எடுக்கப்படுகிறது. இதுபற்றிக் கேட்டால் இப்படிப் பேசலாம்:

"எனக்கு என்ன தோணுதுன்னா, அபராதத்துக்குப் பயந்து மட்டும் இதைச் செய்யக்கூடாது. நாம எழுந்து போனதும் அந்த மேசைக்கு வேற ஒருத்தர் வருவாரு. எலும்பும் தாளும் கிடந்தா அவரு எப்படி உட்காருவாரு? மேசை துடைக்கிறவங்கள்ல நிறையப் பேரு எங்க தாத்தா பாட்டி வயசுல இருக்காங்க. அவங்க சுமையைக் கொஞ்சம் குறைக்கலாமே."

கருத்து, காரணம், எடுத்துக்காட்டு மூன்றும் இதில் உள்ளன. கட்டுரையில் எழுதும்போது 'தோணுதுன்னா' என்பது 'தோன்றுவது என்னவென்றால்' என மாறும், மறந்துவிடாதீர்கள்.

இன்னொரு கேள்வியையும் யோசித்து வையுங்கள். உணவங்காடிக்காரர்களில் பலர் அறுபது வயதை ஒட்டியவர்கள். அதிகாலையில் எழுந்து, நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிற வேலை. பொருள் விலை ஏறுகிறது. நாமோ சாப்பாடு மட்டும் மலிவாகவே இருக்க வேண்டும் என்கிறோம். அப்படியானால் அடுத்து அந்தக் கரண்டியை யார் பிடிப்பார்கள்? "ஒரு வெள்ளி கூடக் கொடுக்க நீங்க தயாரா?" என்று கேட்டால் உங்கள் பதில் என்ன? இதற்கு மனப்பாடப் பதில் கிடையாது.

ஆசிரியர்களே, இந்த வாரம் மாணவர்களிடம் ஒரு சிறு வேலை கொடுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு தமிழ்க் கடைக்காரரிடம் போய், "அண்ணே, எத்தனை மணிக்குக் கடை திறப்பீங்க? உங்களுக்குப் பிறகு யாரு பார்த்துக்குவாங்க?" என்று கேட்டு வரட்டும். கேட்டதை வகுப்பில் இரண்டு நிமிடம் பேச்சுத் தமிழிலேயே சொல்லட்டும். தேர்வறையில் சொல்ல அவர்களிடம் சொந்தமாகவே ஒன்று இருக்கும்.