மேனாட்டுத் தொழிற்பயிற்சி

கல்வியின் பயன் யாது என வினவின், பட்டம் பெறுதலே என நம்மவரிற் பலர் விடை பகர்வர். ஆயினும், சர்வகலாசாலையின் வாயிலை மிதியாமலே ஒரு தொழிலை முறைப்படி கற்று நன்மதிப்புடன் வாழ்வோர் மல்கிய நாடுகளும் உள. அவற்றுள் ஜெர்மனி தலையாயது. நம் மாணவருள்ளும் சிலர் பட்டப் படிப்பை விடுத்து அந்நாட்டிற்குத் தொழில் பயிலச் செல்லுகின்றனர். ஆதலின் அம்முறையின் இயல்பையும், அதனாலுறும் நன்மை தீமைகளையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

அம்முறையை ஜெர்மானியர் 'அவுஸ்பில்டுங்' என்பர். பயில்வோர் வாரத்திற் பெரும்பகுதியை ஒரு பட்டறையிலோ தொழில் நிலையத்திலோ கழிப்பர். ஓரிரு நாட்கள் தொழிற்பள்ளிக்குச் சென்று அத்தொழிலுக்கு வேண்டிய நூலறிவைப் பெறுவர். கையும் கருத்தும் ஒருங்கே பழகுதலே இதன் சிறப்பு. மியூனிக் நகரில் 1895-ஆம் ஆண்டு கல்வி அதிகாரியாக அமர்ந்த ஜார்ஜ் கெர்ஷென்ஷ்டைனர் என்னும் அறிஞர், தொழில் பழகும் சிறுவர்க்கெனப் பள்ளிகளை ஒழுங்குபடுத்தி இதற்கு அடிகோலினார். பின்னர் 1969-ஆம் ஆண்டில் மேற்கு ஜெர்மனி இயற்றிய சட்டம் இதனை நாடு முழுவதற்கும் பொதுவாக வரையறுத்தது. மின்கம்மியர், ரொட்டி சுடுவோர், வங்கி எழுத்தர் என முந்நூற்றுக்கு மேற்பட்ட தொழில்கள் இவ்வாறு பயிற்றப்படுகின்றன. பயிற்சிக் காலம் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள். இறுதித் தேர்வை நடத்துவோர் முதலாளியல்லர். வணிகர் கழகமோ கைவினைஞர் கழகமோ நடத்தும். எனவே அச்சான்றிதழ் அந்நாடெங்கும் செல்லும்.

இனி, இதன் நன்மைகளை நோக்குவோம். சர்வகலாசாலையிற் பயில்வோர் பொருள் செலவிட, இங்குப் பயில்வோர் ஊதியம் பெறுகின்றனர். 2020-ஆம் ஆண்டில் சட்டம் ஒரு குறைந்த அளவை விதித்தது. 2025-இல் பயிற்சி தொடங்கினோர்க்கு முதலாண்டில் அது மாதம் 682 யூரோ. பின்னாண்டுகளில் அது உயரும். மேற்கல்வியின் கதவும் அடைபடுவதில்லை. தொழில் கற்று, அதில் முதிர்ந்து, 'மைஸ்டர்' என்னும் ஆசான் தேர்வில் தேறினோர்க்குச் சர்வகலாசாலையிற் சேரும் உரிமை 2009-ஆம் ஆண்டுத் தீர்மானத்தால் உறுதியாயிற்று.

எனினும், இடர்களை மறைத்தல் முறையன்று. முதலாவது இடர் மொழி. பாடமும் தேர்வும் ஜெர்மன் மொழியிலேயே நிகழும். ஐரோப்பிய அளவையின் ஆறு படிகளுள் மூன்றாவதான பி 1 என்னும் படியைப் பொதுவாக விசாவிற்கே எய்தியிருத்தல் வேண்டும். இரண்டாவது, ஒப்பந்தம். முதல் ஒன்று முதல் நான்கு மாதங்கள் பரீட்சைக் காலம். அதற்குள் இரு திறத்தாருள் எவரும் முன்னறிவிப்பின்றி விலகலாம். அயல்நாட்டாரின் வாசவுரிமையோ அவ்வொப்பந்தத்தையே பற்றி நிற்பது. தம் குற்றமின்றிப் பயிற்சியை இழந்தவர்க்கு வேறிடம் தேட ஆறு மாதம் வரை தவணை உண்டு என்பது சிறிது ஆறுதல். மூன்றாவது, செலவு. பெருநகரங்களில் அறை வாடகையே ஊதியத்திற் பெரும்பங்கை விழுங்கிவிடும். நான்காவது, பயிற்சி முடித்துத் தாயகம் திரும்புவோர்க்கு நேரும் தடை. பட்டத்தையே தகுதியாகக் கேட்கும் உத்தியோகங்களுக்கு அத்தொழிற் சான்றிதழ் இங்கு ஈடாகாது.

ஆகவே, யார் இவ்வழியைத் தேர்தல் தகும்? பட்டப் படிப்பில் இடம் கிட்டாமையால் மட்டும் செல்வோர்க்கு இது புகலிடமன்று. ஒரு தொழிலில் உண்மையான விருப்பமும், அயல்மொழியைக் கற்கும் பொறுமையும், அந்நாட்டிலேயே சில ஆண்டுகள் உழைக்கும் துணிவும் உடையோர்க்கே இது ஏற்றது. அவர்களும் தரகர் சொல்லை மட்டும் நம்பி நிலத்தை அடகு வைத்தலாகாது. தொழில் இன்னது, ஊதியம் இவ்வளவு, பள்ளி இன்னது என்பவற்றை ஒப்பந்தத்தில் தாமே படித்து அறிதல் வேண்டும். அதனைப் படிக்குமளவு மொழியறிவு வாய்க்கவில்லையெனின், புறப்படுங் காலம் இன்னும் வரவில்லை என்றே கொள்க. பட்டம் உயர்ந்ததா, தொழில் உயர்ந்ததா என்னும் வாதத்தாற் பயனில்லை. தன் இயல்பறிந்து தேர்ந்த கல்வியே ஒருவனுக்கு உயர்ந்த கல்வியாம்.