கடல் நாவலுக்கு விருது; படகும் வலையும் யாருக்கு?

கடலைப் பற்றி எழுதப்பட்ட ஒரு நாவலுக்கு விருது வழங்கப்படும்போது, நாம் கொண்டாடுவது எதை? கடலின் அழகையா, கரையில் நிலவும் சாதியைப் பற்றிய உண்மையையா? தகழி சிவசங்கரப் பிள்ளையின் மலையாள நாவல் ‘செம்மீன்’ இக்கேள்விக்குத் தக்க சான்றாகும்.

1956இல் வெளிவந்த ‘செம்மீன்’ 1957இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. சுந்தர ராமசாமி அதைத் தமிழாக்கினார். ராமு காரியாட் 1965இல் அதைத் திரைப்படமாக்கினார். அப்படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை வென்றது. பொது நினைவில் தங்கியதோ கறுத்தம்மா, பரீக்குட்டியின் காதலும், கரையில் மனைவி கற்புடன் இருந்தால்தான் கடலில் கணவன் உயிரோடு இருப்பான் என்ற நம்பிக்கையும் மட்டுமே.

இந்நம்பிக்கை வெறும் தொன்மம் அன்று. கடலில் நேரும் சாவின் பழியை அது பெண்ணின்மீது சுமத்துகிறது. கறுத்தம்மா நேசித்தது ஓர் இசுலாமிய வணிகரை. சாதியின் உயிர்நாடி அகமணம் என்பதையும், அதைக் காக்கப் பெண்கள்மீது கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன என்பதையும் அண்ணல் அம்பேத்கர் 1916ஆம் ஆண்டிலேயே விளக்கினார். கரையின் ‘கற்பு’ காப்பதும் அந்த எல்லையைத்தான்.

பரவலாக மறக்கப்பட்ட செய்தி இன்னொன்று உண்டு. கறுத்தம்மாவின் தந்தை செம்பன்குஞ்ஞு சொந்தமாகப் படகும் வலையும் வாங்க முனைகிறார். மீனவருக்குள்ளேயே ஒரு பிரிவினருக்குத்தான் அந்த உரிமை உண்டு எனக் கரையின் மரபு தடுக்கிறது. கரைத்தலைவரின் இசைவும் தேவைப்படுகிறது. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் மேல், கீழ் வகுக்கும் படிநிலைச் சமத்துவமின்மை உழைப்புக் கருவியின்மீதே செயல்படுவதை நாவல் இங்கே காட்டுகிறது.

2013இல் பரதவர் வாழ்வைச் சொல்லும் ‘கொற்கை’ நாவலுக்காக, உவரியைச் சேர்ந்த ஜோ டி குருஸ் அதே அகாதெமியின் விருதைப் பெற்றார். கரையில் பிறந்தவரே கரையை எழுதி ஏற்பு பெற்றது முக்கியமான மாற்றம். ஆனால், எழுத்துக்குக் கிடைத்த ஏற்பு மக்களின் உரிமைக்குக் கிடைக்கவில்லை.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காடுவாழ் மக்களின் உரிமைகளை ஏற்றது. கடலோர மக்களுக்கு அதற்கு இணையான மத்தியச் சட்டம் இன்றுவரை இல்லை. மாறாக, 2019ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கடற்கரைகளில் வளர்ச்சித் தடைப் பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. வலை உலர்த்தும் மணலுக்குச் சுற்றுலா விடுதிகள் போட்டியிடும் நிலை இதனால் வலுக்கிறது.

எனவே மீனவர் உரிமைச் சட்டம் வேண்டும் என்கிறோம். அது ‘மரபுரிமை’ என்ற பெயரில் கரைத்தலைவரின் அதிகாரத்தை மீட்டுக் கொடுப்பதாக இருக்கக் கூடாது. அரசமைப்புச் சட்டத்தின் 13ஆம் கூறு, சட்ட வலிமை கொண்ட வழக்காறுகளையும் ‘சட்டம்’ என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. அடிப்படை உரிமைகளுக்கு முரணான வழக்காறு செல்லாது. வன உரிமைச் சட்டம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் உரிமை ஆவணம் வழங்கச் சொல்கிறது. கடலுக்கான சட்டமும் படகில்லாத கூலித் தொழிலாளரையும் மீன் விற்கும் பெண்களையும் உரிமையாளர்களாகப் பெயர் சொல்லி ஏற்க வேண்டும்.

கல்லூரிகளில் ‘செம்மீன்’ படிக்கும் தோழர்கள் காதலோடு நின்றுவிடாமல், படகு யாருடையது, வலை யாருடையது என்றும் கேட்க வேண்டும். அக்கேள்வியோடு வகுப்பறையிலிருந்து கரைக்கு வாருங்கள். சட்டக் கோரிக்கையைக் கரை மக்களுடன் சேர்ந்தே எழுதுவோம்.