குளிர்கடலில் ஒரு மூச்சுக்குழல்

உலகப் படத்தை விரித்து ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையைத் தேடிப் பாருங்கள். வட அட்சம் 58 பாகையில் அக்மெல்விச் என்ற சிறிய விரிகுடா இருக்கிறது. அங்கே கரையில் கிடக்கும் நைஸ் என்னும் வரிப்பாறைகளுக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். கோடையிலும் கடல்நீர் 14 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டுவது அரிது. அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் வந்து தொடுவதால்தான் அதுவும்! அதே அட்சத்தில் கனடாவின் லாப்ரடார் கரையில் குளிர்காலத்தில் கடல் உறைந்துவிடுகிறது.

இந்தக் கடலில் முகக்கண்ணாடி அணிந்து, வாயில் ஒரு வளைந்த குழலைக் கவ்விக்கொண்டு, குப்புற மிதந்தபடி கடலடியைப் பார்க்க மக்கள் வருகிறார்கள். குழலின் பெயர் ஸ்நார்க்கெல். ஒரு வழிகாட்டி உடன் செல்வார்.

பாறை மேலிருந்து 'தொபீர்' என்று குதிக்க விரும்பும் இளைஞர்களை அவர் முதலில் தடுத்து நிறுத்துவார். காரணம் உண்டு. 15 டிகிரிக்குக் குறைந்த நீர் திடீரென்று தோலில் பட்டால், நாம் விரும்பாமலே ஒரு பெருமூச்சை உள்ளே இழுக்கிறோம். பிறகு ஓரிரு நிமிடங்கள் மூச்சு கட்டுக்கடங்காமல் ஓடும். அந்த முதல் மூச்சின்போது வாய் நீருக்குள் இருந்தால் என்ன ஆகும்? நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் குளிர்நீரில் மூழ்கி இறப்பது பெரும்பாலும் இப்படித்தான். உடல் விறைத்துப் போவதற்கு வெகு முன்பே. ஆகவே இடுப்பளவு நீரில் நின்று, முகத்தையும் பிடரியையும் நனைத்து, மூச்சு சீராகும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் முகத்தை நீரில் வைக்கலாம்.

நீர் ஏன் இவ்வளவு பொல்லாதது? அசையாத காற்றைவிட அது சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. ஒரே கன அளவு நீரையும் காற்றையும் ஒரு டிகிரி சூடேற்றிப் பாருங்கள். நீருக்கு ஏறத்தாழ 3500 மடங்கு வெப்பம் வேண்டும். நம் உடல் எவ்வளவு கொடுத்தாலும் கடல் வாங்கிக்கொண்டே இருக்கும். இதற்கு ஒரு வழி கண்டவர் ஹியூ பிராட்னர் என்ற அமெரிக்க இயற்பியலாளர். 1950-களின் தொடக்கத்தில், நுண்குமிழிகள் நிறைந்த நியோப்ரீன் ரப்பரால் உடை செய்யலாம் என்றார். உடைக்குள் புகும் நீர்தான் சூடேறி உடலைக் காக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. காப்பது ரப்பரில் சிறைப்பட்ட வாயுக் குமிழிகளே. நீர் உள்ளே வந்து போய்க்கொண்டிராமல் உடை இறுக்கமாக இருந்தால் போதும்.

இனிக் குழலுக்கு வருவோம். சிறுவயதில் நான் பப்பாளி இலைக்காம்பை வாயில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கிணற்றில் அமிழ்ந்து பார்த்தேன். இரண்டு மூச்சில் வெளியே வந்துவிட்டேன். நீண்ட குழல் இருந்தால் கடலடியிலேயே உலாவலாமே என்று உங்களுக்கும் தோன்றும். கணக்குப் போடுவோம்.

2 செ.மீ. விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள குழலின் கொள்ளளவு சுமார் 314 க.செ.மீ. அமைதியாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு நாம் இழுப்பது 500 க.செ.மீ. அதில் 150 தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்றுவிடும். மிஞ்சுவது 36 மட்டுமே! மற்றதெல்லாம் நாமே வெளியிட்ட, கரியமிலவாயு மிகுந்த பழைய காற்று. இன்னொரு இடையூறும் உண்டு. 1 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. மார்பின் பரப்பை 30 செ.மீ. சதுரமாகக் கொண்டால், 90 கிலோகிராம் எடையை மார்பில் சுமந்தபடி மூச்சு விடுவதற்கு ஒப்பு. எனவேதான் கடைகளில் விற்கும் குழல்கள் 40 செ.மீ. அளவோடு நின்றுவிடுகின்றன. அதிலும் மெதுவாக, ஆழமாக மூச்சு விடச் சொல்வார் வழிகாட்டி. படபடப்பில் மேலோட்டமாக மூச்சு விட்டால் பழைய காற்றுதான் திரும்பத் திரும்ப வரும்.

கீழே கெல்ப் என்னும் பழுப்புப் பாசி காடாக அசைகிறது. ஆளுயரத் தண்டுகள், அவற்றுக்கிடையே நட்சத்திர மீன்கள், நண்டுகள். குளிர்நீர் வெந்நீரைவிட அதிக ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். நண்டைத் தொட யாராவது கை நீட்டினால் கை எட்டாது. ஒளி நீரிலிருந்து முகக்கண்ணாடிக்குள்ளிருக்கும் காற்றுக்கு வரும்போது விலகுவதால் 1 மீட்டர் தொலைவிலுள்ள நண்டு 75 செ.மீ. தொலைவில் இருப்பதுபோல் தோன்றுகிறது, பெரிதாகவும் தோன்றுகிறது. (தொடாமலிருப்பது நண்டுக்கும் விரலுக்கும் நல்லது!)

அவ்வப்போது வழிகாட்டி கையை உயர்த்திப் பெருவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டுவார். எல்லோரும் அப்படியே செய்ய வேண்டும். குளிரில் முதலில் பணியை நிறுத்துவது விரல்களே. ஒருவருக்கு விரல் எட்டவில்லையென்றாலும் அவரோடு குழு முழுவதும் கரைக்குத் திரும்பும். கரையேறிய பிறகும் உடலின் உள்வெப்பம் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் காற்றில் நின்று கதை பேசாமல், ஈர உடையை மாற்றிக் கம்பளி போர்த்தி உட்காரச் சொல்வார்கள். சூடான தேநீரைக் குவளையில் பாதிதான் ஊற்றித் தருவார்கள். நடுங்கும் கையில் முழுக் குவளை நிற்காது.

40 செ.மீ. குழலில் ஒரு மூச்சுக்கு எவ்வளவு புதுக்காற்று கிடைக்கும்? விட்டத்தை 3 செ.மீ. ஆக்கினால் கூடுமா, குறையுமா? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.