ஊதாத சங்கு

அமெரிக்க ஐக்கிய நாட்டைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில், 2023-ம் வருஷம் ஆகஸ்டு 8-ந் தேதியன்று, லஹைனா என்ற கடற்கரைப் பட்டணம் காட்டுத் தீயில் வெந்து சாம்பலாயிற்று. 102 பேர் மாண்டனர். அப்பட்டணம் அமைந்த மாவி தீவில் அபாயச் சங்குகள் 80 நாட்டப்பட்டிருந்தன. அன்று அவற்றில் ஒன்றேனும் தீயை அறிவித்து ஊதவில்லை. ஊத வேண்டாமென்று மனிதர் செய்த தீர்மானம் அது. யந்திரத்தின் மேல் பழி போடுவதற்கில்லை.

ஒரு வாரம் சென்று, அபாயகால நிர்வாகத்தின் தலைமை உத்தியோகஸ்தர் பத்திரிகை நிருபர்களுக்குச் சமாதானம் கூறினார். சங்கொலி கேட்டால் கடல் பொங்குவதாக எண்ணி ஜனங்கள் மலைப்பக்கம் ஓடுவார்கள். நெருப்போ மலைப்பக்கத்தில்தான் இருந்தது. ஆகவே ஊதாததே நலம் என்பது அவர் வாதம். வருத்தமுண்டா என்று கேட்டதற்கு, இல்லை என்றார். மறுநாளே தேக அசௌக்கியத்தைக் காரணமாகக் காட்டி உத்தியோகத்தை விட்டார்.

அவ்வாதத்தை நாம் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. அத்தீவுகளின் சரித்திரமே அதற்கு ஒரு சாட்சி சொல்கிறது. 1946 ஏப்ரல் முதல் தேதி, எச்சரிக்கை ஏதுமின்றி வந்த பேரலைகள் அங்கே 159 உயிர்களைக் கொண்டு போயின. சங்குகள் நாட்டப்பட்டது அதன் பின்னரே. 1960 மே 22-ந் தேதி இரவு, சிலி நாட்டுப் பூகம்பத்தால் எழுந்த அலை வருவதை அறிந்து, ஹிலோ நகரில் எட்டரை மணி சுமாருக்கே சங்கு ஊதிற்று. பெரிய அலை வந்தது நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்கு. இடையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் அவகாசம்! அப்படியிருந்தும் 61 பேர் மாண்டனர். பின்னர் விசாரிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சங்கைக் கேட்டவர்களே. வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் பாதிக்கும் குறைவு. சங்கின் முறை மாற்றப்பட்டிருந்தது. பழைய முறைப்படி இன்னொரு முறை ஊதுமென்று காத்திருந்தவர் பலர்.

ஓசை மட்டும் போதாது, வாஸ்தவம். அதிலிருந்து பெறப்படுவது என்ன? அர்த்தத்தை ஜனங்களுக்குக் கற்பிக்க வேண்டுமென்பதா, அல்லது ஊதாமலே இருந்துவிடலாமென்பதா? சங்குகள் எவ்வெவ்வாபத்துக்கு உரியவை என்று ஹவாய் சர்க்கார் வெளியிட்டிருந்த ஜாபிதாவில் காட்டுத் தீயும் சேர்ந்திருந்தது. மாதந்தோறும் முதல் வேலைநாளில் அவற்றை ஊதிப் பரீக்ஷை செய்வதும் அங்கே வழக்கம். மாதாமாதம் ஊதிக் காட்டியவர்கள், தீ வந்தால் எத்திசையில் போவதென்று ஒரு நாள் சொல்லியிருக்கலாகாதா? கைப்பேசிகளுக்குச் செய்தி அனுப்பினோம் என்கிறார்கள். சூறைக்காற்றில் மின்சாரக் கம்பங்கள் சாய்ந்து, தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போன ஊரில் அச்செய்தி எத்தனை பேருக்கு எட்டியிருக்கும்? ஜனங்கள் பதறித் தவறு செய்வார்கள் என்பது எந்த நாட்டு உத்தியோக வர்க்கமும் எக்காலத்தும் கைவசம் வைத்திருக்கும் வாதம். தாங்கள் கற்பிக்காததை ஜனங்களின் அறியாமை என்று பெயரிட்டு, அதையே தங்களுக்குச் சாதகமான சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துவது விசித்திரமான வழக்கு!

ஹவாயின் கதை நமக்கு அந்நியமன்று. 2004 டிசம்பர் 26-ந் தேதி சுமாத்ராவில் பூமி அதிர்ந்ததை அத்தீவுகளிலுள்ள எச்சரிக்கை நிலையம் அறிந்து, கால் மணி நேரத்தில் அறிவிப்பு வெளியிட்டது. அது பஸிபிக் நாடுகளுக்கானது. இந்து மகாசமுத்திரக் கரைகளுக்கு எச்சரிக்கை விடுக்க அன்று ஓர் ஏற்பாடும் கிடையாது. நாகப்பட்டினத்துக் கரையில் அலை ஏற இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அத்தனை நேரமும் வீணாயிற்று.

2007 முதல் ஹைதராபாத்தில் நமக்கென்று ஒரு நிலையம் வேலை செய்து வருகிறது. அதன் செய்தி சில நிமிஷங்களில் ராஜதானிகளை எட்டிவிடும். கடலோரக் குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பவனுக்கு அது எந்த ஓசையாக வந்து சேரும், கேட்டவுடன் எவ்வழியே, எந்த மேட்டுக்குப் போவது என்பவற்றை அவனிடம் சொல்லி வைத்திருக்கிறார்களா? கரையோர ஜில்லாக்களிலுள்ள நமது தேச ஊழியர்கள் கலெக்டர் கச்சேரிக்குச் சென்று இதை விசாரிக்கட்டும். திரும்பும் வழியில் குப்பத்திலும் விசாரிக்கட்டும்.